பாலத்துக்கு முன்னால் கழற்றிய திருகாணிகள்

அந்தக் கணினிப் பெட்டியைத் திறந்தது நான்தான். அன்று கேட்டபோது இல்லை என்றேன். இப்போது எனக்கு எழுபத்தெட்டு வயது. அங்கே நின்றவர்களில் பலர் உயிரோடு இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

சண்டைக் காலம். மட்டக்களப்பு நகரில், வாவியைப் பார்த்தபடி இருந்த ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கனடாவுக்குப் போன பழைய மாணவர் ஒருவர் எங்களுக்கு ஒரு கணினி அனுப்பினார். எங்கள் பாடசாலையின் முதல் கணினி அதுதான். மூன்றாவது மாதம் மின்சாரம் தாறுமாறாக ஏறி இறங்கிய ஒரு நாளில், கருகல் மணத்தோடு அது அடங்கிப்போனது.

பக்கத்து முஸ்லிம் ஊரான காத்தான்குடியில் ஒருவர் சவூதியில் எட்டு வருடம் கணினி திருத்திவிட்டு வந்து சின்னதாகக் கடை போட்டிருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். அவரிடம் கொண்டுபோனேன். தாய்ப்பலகை கருகிவிட்டது என்றார். கொழும்பிலிருந்து வேறொன்று எடுப்பித்தார். அவர் வேலை செய்யும்போது பேசிக்கொண்டே இருப்பார். அவருக்கு மகள் பிறந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

"ஏஜென்சிக்காரன் திரும்பச் சவூதிக்கு வரச் சொல்லிக் கரைச்சல் படுத்துறான் சேர். இஞ்ச ஒரு வழி கிடைச்சா நான் ஏன் போறன்? புள்ள வாப்பா எண்டு டெலிபோனப் பாத்தா கூப்பிடுற?"

அந்த வழியை நான் காட்டியிருந்தேன். சனி ஞாயிறுகளில் எங்கள் பிள்ளைகளுக்குக் கணினி வகுப்பு, படிப்பிப்பது அவர். தமிழ்ப் பாடசாலையில் காத்தான்குடிக்காரருக்கு ஒரு வகுப்பைக் கொடுப்பது அந்த நாட்களில் சின்ன விஷயமில்லை. இரு பக்கமும் சாவு விழுந்திருந்தது, இரு பக்கமும் பயம் இருந்தது. நான் எங்கள் பாடசாலை அதிபரை விடாமல் நச்சரித்தேன். கடைசியில் அவர், "முதல்ல மிஷின் ஓடட்டும் மாஸ்டர். ஓடினா வகுப்பு அவருக்குத்தான்" என்றார்.

புதிய பலகையைப் பூட்டி அவர் பொத்தானை அழுத்தியபோது நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். விசிறி சுழன்றது, 'பீப்' என்று ஒரு சத்தம், கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடின. "நாளைக்கு நானே கொண்டுவந்து பூட்டித் தாறன் சேர்" என்றார். எனக்கு நாளைவரை பொறுமையில்லை. பெட்டியை ஒரு உடுக்கும் சாரத்தில் சுற்றி, சைக்கிள் கரியரில் ரியூப் ரப்பர் வாரால் இறுக்கிக் கட்டிக்கொண்டு புறப்பட்டேன்.

கல்லடிப் பாலத்தில் சோதனைச் சாவடி. றேடியோ, மின்விசிறி, தையல் மெஷின், எதைக் கொண்டுபோனாலும் உள்ளே பார்க்காமல் விடமாட்டார்கள். நாமாகத் திறந்து காட்டாவிட்டால் அவர்கள் தங்கள் கையால் நெம்பிவிடுவார்கள். ஆகவே எங்கள் ஊரில் எல்லோரும் செய்ததையே நானும் செய்தேன். பாலத்துக்கு முந்திய தேநீர்க் கடையில் நிறுத்தி, பெட்டியின் பின்பக்கத் திருகாணிகள் நான்கையும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

இளம் சிப்பாய் ஒருவர் மூடியை நகர்த்தி, இது என்ன என்று சிங்களத்தில் கேட்டார். கணினி என்றேன். அவர் அதற்குமுன் ஒன்றின் உட்புறத்தைப் பார்த்ததில்லை போலும். கண்கள் விரிந்தன. எனக்கு உற்சாகம் தலைக்கேறியது. பெட்டிக்குள் குனிந்து, இது மூளை, இது ஞாபகம், இது மூச்சு விடுகிற விசிறி என்று தெரிந்த சிங்களத்தில் விரல் நீட்டி விளக்கினேன். இன்னும் இரண்டு பேர் வந்து எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் சிரித்தபடி கையசைத்து அனுப்பிவிட்டார். பாலத்தின் மறுகரையில் மூடியைப் பூட்டப் போனபோது பையில் மூன்று திருகாணிகள்தான் இருந்தன. ஒன்று வழியில் விழுந்திருக்கும் என்று நினைத்து, மூன்றையும் முறுக்கிவிட்டுச் சைக்கிளை மிதித்தேன்.

ஆசிரியர் அறையில் எல்லோரும் கூடிவிட்டார்கள். பொத்தானை அழுத்தினேன். விசிறி ஒரே ஒரு துடி துடித்து நின்றது. மறுபடி அழுத்தினேன். அதே துடிப்பு, அதே அமைதி.

"ஊதுபத்தி கொளுத்தாம தொடங்கினா இப்பிடித்தான்" என்றார் விஞ்ஞான ஆசிரியை. எல்லோரும் சிரித்தார்கள்.

அதிபர் சிரிக்கவில்லை. "வழியில கழட்டினீங்களா மாஸ்டர்?"

ஐந்து நிமிடத்துக்கு முன்புவரை அந்த அறையில் நான் பெரிய ஆள். "இல்ல சேர். கடையில தந்த மாதிரியே கொண்டுவந்தன்" என்றேன். அவர் குரலைத் தாழ்த்தி, "அப்ப பழைய பலகையப் போட்டு ஏமாத்திப்போட்டான்" என்றார். நான், "இருக்கலாம்" என்றேன். அந்த ஒரு சொல்லை இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை.

மறுநாள் காலை காத்தான்குடிக்கு ஆளனுப்பினோம். பாலம் கடந்து தமிழ்ப் பகுதிக்குத் தனியே வருவது அவருக்கு ஆபத்தில்லாத காரியமல்ல. முதற் பாடம் முடியுமுன்னே கருவிப் பையோடு வந்து நின்றார். சால்வை போர்த்துவதுபோல மேசையில் ஒரு துணியை விரித்தார்.

முதலில் சுவரிலுள்ள பிளக்கில் மேசை விளக்கைச் செருகிப் பார்த்தார், எரிந்தது. பொத்தானின் வயரைப் பிடுங்கிவிட்டு, தாய்ப்பலகையில் அது செருகியிருந்த இரண்டு ஊசிகளையும் ஸ்குரூட்ரைவர் முனையால் தொட்டார். அதே துடிப்பு. ஞாபகப் பலகை, வன்தட்டு என்று ஒவ்வொன்றாகக் கழற்றி ஒவ்வொரு தடவையும் தொட்டுப் பார்த்தார். எனக்கு என் குற்றம் மறந்துபோனது. எதைக் கழற்றினால் அது ஓடும் என்று அறையே பந்தயம் கட்டிக்கொண்டிருந்தது. பிறகு மின்வழங்கியைத் தனியாகப் பிரித்தெடுத்து, ஒரு கடதாசிக் கிளிப்பை வளைத்து, பச்சை வயரையும் கறுப்பு வயரையும் இணைத்தார். அதன் விசிறி நிற்காமல் சுழன்றது.

"இதுல பழுதில்ல சேர். பலகையிலயும் பழுதில்ல, நேத்து நாம ரெண்டு பேரும் பாத்தமே. இடையில என்னமோ ஒண்டு கரண்டத் தின்னுது. அதுதான் இந்த மின்வழங்கி பயந்து வாய மூடிக்கிது."

தாய்ப்பலகையைப் பெட்டியிலிருந்து தூக்கி ஒரு காட்போட் மட்டையில் வைத்து, எல்லாவற்றையும் மறுபடி இணைத்து ஊசிகளைத் தொட்டார். விசிறி சுழன்றது! 'பீப்!' திரையில் எழுத்துகள் பாய்ந்தன. விஞ்ஞான ஆசிரியை கை தட்டினார். "மூச்சு வந்திட்டு, மூச்சு வந்திட்டு!" யன்னலில் தொங்கிய பிள்ளைகள் ஊவென்று கத்தினார்கள். நானும் சின்னப் பிள்ளைபோல் கத்தினேன்.

அவர் வெறும் பெட்டியைத் தூக்கிச் சரித்தார். உள்ளே 'கிலுக்' என்றது. ஒரு திருகாணி மேசையில் உருண்டு விழுந்தது. பலகைக்கும் தகரத்துக்கும் நடுவே கிடந்து, இரண்டையும் தொட்டுக்கொண்டிருந்திருக்கிறது. பாலத்தில் நான் குனிந்தபோது என் சட்டைப் பையிலிருந்து விழுந்தது.

அதிபர் அதை எடுத்துப் பார்த்தார். "இது எப்பிடித் தம்பி உள்ளுக்க போச்சு?"

திருத்த வந்தவர் பெட்டியின் பின்பக்கத்தைப் பார்த்தார். நான்கு துளைகளில் ஒன்று வெறுமையாக இருந்தது. பிறகு என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. நான் பேசுவதற்கு இடம் விட்டுக் காத்திருந்தார். நான் திரையில் ஓடிய எழுத்துகளைப் படித்துக்கொண்டு நின்றேன்.

"என்ட கவனக்குறைவுதான் சேர். மன்னிச்சுக்கங்க" என்று அவர் அதிபரிடம் சொன்னார்.

"கவனமில்லாத ஆக்களிட்ட புள்ளைகள விடேலாது" என்றார் அதிபர். "வகுப்பப் பத்திப் பொறகு பாப்பம்."

பெட்டியைத் திறக்காமல் எவரும் அந்தப் பாலத்தைக் கடக்க முடியாது என்பது அதிபருக்கும் தெரியும். விஞ்ஞான ஆசிரியைக்குத் தெரியும், யன்னலில் தொங்கிய பிள்ளைகளுக்கும் தெரியும். வகுப்பைக் கொடுக்காமலிருக்க அதிபருக்கு ஒரு சாட்டு வேண்டியிருந்தது, அதை நான் கொடுத்தேன். அவர் என்னை மறுபடி கேட்கவில்லை.

எல்லாவற்றையும் பூட்டி, நான்காவது துளையிலும் திருகாணியை முறுக்கிவிட்டுத் திருத்த வந்தவர் போனார். தேநீர் வந்திருந்தது, குடிக்கவில்லை. அடுத்த மாதம் நகரத்துத் தமிழ்ப் பொடியன் ஒருவனை வைத்து வகுப்புத் தொடங்கியது.

வகுப்புத் தொடங்கி இரண்டு கிழமைக்குப் பிறகுதான் எனக்குக் காத்தான்குடிக்குப் போகத் துணிவு வந்தது. என்ன சொல்வதென்று வழி நெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே மிதித்தேன். கடை பூட்டிக் கிடந்தது. பக்கத்துக் கடையில் சாரம் விற்கும் பெரியவர், "அவர் வெள்ளிக்கிழம பிளேன் ஏறிட்டார் சேர்" என்றார். "புள்ளைக்கி இன்னம் குப்புறப் படுக்கவும் தெரியா. ஏதோ பள்ளிக்கூடத்துல வகுப்புக் கிடைக்கும் எண்டு பாத்துப் பாத்து இருந்தார். என்னமோ, சரிவரல்ல."

 அவரிடம் சொல்ல வைத்திருந்த எல்லாவற்றையும் அங்கேயே அந்தப் பெரியவரிடம் சொன்னேன். பெரியவர் கையிலிருந்த சாரத்தை மடித்து அடுக்கில் வைத்தார்.

"இத ஏன் சேர் எனக்கிட்ட சொல்றீங்க?" என்று கேட்டார்.