எடிட்டர் தலைக்குத் தொண்ணூறு கண்ணி

போன கிழமை எங்கள் பத்திரிகை ஆசிரியருக்கு ஒரு தொப்பி கொடுத்தேன். கம்பளி நூல் தொப்பி, காதை மூடுவது. நானே பின்னினேன் — சரி, பாதிக்கு மேல் நானே பின்னினேன்.

மின்விசிறிக்குக் கீழே இருந்தும் வேர்க்கிற மத்தியானம். மனிதர் அதைத் தலையில் மாட்டிக்கொண்டு புரூஃப் பார்க்கத் தொடங்கிவிட்டார். மலைக்குளிருக்கு, நுவரெலியாவுக்குப் போகும்வரை அவரால் பொறுக்க முடியவில்லை. அளவு எப்படி என்று கேட்டேன்.

“சரியாத்தானே இருக்கும் ஐசே. பொலிஸே விசாரிச்ச தலையெல்லோ” என்றார்.

அந்த விசாரணைக் கதையைத்தான் இந்தக் கிழமைப் பத்தியில் சொல்லப் போகிறேன். அதற்கு முதல், ஓர் ஆண்பிள்ளைக்குப் பின்னல் கம்பியோடு என்ன வேலை என்று நீங்கள் சிரித்து முடிக்க வேண்டும். முடிந்ததா?

எல்லாம் சிகரெட்டால் வந்தது. நெஞ்சைப் பார்த்த டொக்டர் விடச் சொன்னார். நான் விட்டேன், என் கை விடவில்லை. பேனை மூடியைக் கடித்தேன். பஸ்ஸில் குடைக் கைப்பிடியில் தாளம் போட்டேன். வீட்டில் மேசை விரிப்பின் ஓரத்து நூலை ஒவ்வொன்றாக உருவினேன். விரிப்பு அரைவாசியான அன்று மனைவி தீர்ப்புச் சொன்னாள் — நூலைப் பிரிக்கத் தெரிந்தவர் பின்னவும் பழகட்டும், வெள்ளவத்தையில் வதனி இருக்கிறாளே!

வதனி, என் மனைவியின் ஒன்றுவிட்ட அக்காவின் மகள். வடமராட்சியில் கடற்கரையோரத்து ஊர். கல்யாணம் முடிந்த கையோடு மாப்பிள்ளை நோர்வேக்குப் போய்விட்டார். இவள் தாயோடு கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையில் கடலுக்குப் போகிற ஒழுங்கை ஒன்றில், லொட்ஜ் மாடியில் ஓர் அறை எடுத்து விசாவுக்குக் காத்திருக்கிறாள். நானும் மனைவியும் கொட்டாஞ்சேனையில். நகரத்தின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடுவே எத்தனை சோதனைச் சாவடி என்று உங்களுக்குத் தெரியும்.

காத்திருக்கிறவர்கள் என்ன செய்வார்கள்? சிலர் சண்டை பிடிப்பார்கள். சிலர் சாத்திரம் கேட்பார்கள். வதனி தைத்தாள், பின்னினாள். அந்த லொட்ஜில் இருக்கிற அத்தனை பெண்களின் கழுத்திலும் அவள் தைத்த சின்னத் துணிப்பை ஒன்று தொங்கும். அடையாள அட்டை வைக்கிற பை. சட்டைக்குள்ளே, தாலிக்கொடிக்குப் பக்கத்தில். ஓரத்தில் நூலால் பின்னிய பூ வேறு. சாவடியில் அட்டையை இழுத்து எடுக்கும்போது பூவும் கூட வரும்... பார்க்கிற சிப்பாய்க்கும் ஒரு நிமிஷம் முகம் இளகும் என்று வதனியின் தாய் சொல்வார். நான் நம்புகிறேன். நம்பினால் என்ன குறைந்துவிடும்?

பைகள் ஊருக்கு. கம்பளி வேலை முழுவதும் நோர்வேக்கு. மாப்பிள்ளைக்குத் தொப்பி, தனக்கு மஃப்ளர், இருவருக்கும் கையுறை. நூல் வாங்க ஒருமுறை நானும் அவளோடு புறக்கோட்டைக்குப் போனேன். கடைக்கார முஸ்லிம் நானா எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கனடாவா சுவிஸா என்று கேட்டார். நோர்வே என்றோம். பேசாமல் உள்ளே போய் இன்னும் தடித்த நூலைக் கொண்டுவந்து வைத்தார்!

ஞாயிறு பின்னேரங்களில் எனக்கு வகுப்பு. லொட்ஜ் மாடியின் நீண்ட விறாந்தையில், கடலைப் பார்த்து இரண்டு கதிரை. கீழே தண்டவாளம். அதற்கு அப்பால் கல்லில் மோதுகிற அலை. உப்புக் காற்று. மடியில் கம்பளி நூல் கிடந்து சுடும், கம்பி வேர்வையில் வழுக்கும். ஆனால் கொஞ்ச நேரம்தான். இரண்டு வரி பின்னி, மூன்றாவது வரிக்குக் கை தானாகப் போகத் தொடங்கியதும் வெயில் எங்கேயோ போய்விடும். ரயில் போவது கேட்கும். எங்கே போகிறது என்று யோசிக்கத் தோன்றாது. சிகரெட்டை இழுத்து இழுத்து முப்பது வருஷம் நான் தேடியது இதைத்தானோ?

ஒரு நாள் பின்னிக்கொண்டே வதனி கேட்டாள்.

“சித்தப்பா, பனி விழேக்க சத்தம் கேக்குமோ?”

எனக்கு எப்படித் தெரியும்? நான் பார்த்ததெல்லாம் நுவரெலியாவில் விடியப்புறம் புல்லில் கிடக்கிற வெள்ளைதான். கேட்காது என்று நினைக்கிறேன் என்றேன். அவள் கடலைப் பார்த்தாள். சத்தமில்லாமல் வானத்திலிருந்து ஏதாவது விழும் என்பதை அவளால் நம்ப முடியவில்லை. அவள் ஊரில் வானத்திலிருந்து விழுந்தவை எல்லாம் சத்தத்தோடு விழுந்தவை.

அதற்குப் பிறகு நான் பின்னும்போதெல்லாம் எனக்குப் பனி விழத் தொடங்கிவிட்டது. காலி வீதி முழுக்க வெள்ளை. பஸ்கள் மெதுவாக, ஹோர்ன் அடிக்காமல் போகின்றன. சாப்பாட்டுக் கடைக் கண்ணாடிகளில் பனி படிந்திருக்கிறது. சாவடியில் நிற்கிறவரும் காதை மூடிய கம்பளித் தொப்பியோடு நிற்கிறார். குளிரில் வாய் திறந்து ஒன்றும் கேட்காமல், போ என்று தலையை மட்டும் ஆட்டுகிறார். எத்தனை இதமான நகரம் அது! கனவு கலைந்து பார்த்தால் நடுவில் ஒரு கண்ணி கழன்று, கீழ்வரை ஓட்டை ஓடியிருக்கும்.

கண்ணி. இந்தச் சொல்லில்தான் வினையே இருக்கிறது.

கம்பியில் ஏற்றுகிற ஒவ்வொரு வளையத்துக்கும் பெயர் வேண்டுமே. கொழும்புப் பெண்கள் ஸ்டிச் என்பார்கள். வதனி கண்ணி என்பாள். அவள் வீட்டில் எல்லோரும் வலைக்காரர். வலையில் இருப்பது கண்ணி. அப்படியானால் தொப்பியில் இருப்பதும் கண்ணிதான். எனக்கு அந்தச் சொல் பிடித்துப்போயிற்று. நானும் கண்ணி என்றே பழகினேன்.

வகுப்பு இல்லாத ஒரு வெள்ளிக்கிழமை. ஆசிரியருக்குத் தொப்பி தொடங்கியிருந்தேன். வதனி காலி வீதியில், காசுக்குப் போன் பேசுகிற கொமியூனிகேஷன் ஒன்றிலிருந்து எங்கள் வீட்டுக்குப் போன் எடுத்தாள். அந்தக் கூண்டுகளை அறிவீர்கள். நடுவில் ஒரு பலகை. இந்தப் பக்கம் அழுதால் அந்தப் பக்கம் ஆறுதல் சொல்லலாம்.

“கம்பி ரெண்டும் கையில இருக்கோ சித்தப்பா? எத்தினை கண்ணி போட்டனீங்கள்?”

“எண்பது.”

“ஆருக்கு?”

“எங்கட எடிட்டருக்கு.”

“அவருக்குத் தலை பெரிசோ?”

“சரியான பெரிசு.”

“அப்ப எண்பது காணாது. இன்னும் ஒரு பத்துக் கண்ணி வையுங்கோ. எப்ப அவர் மேல போறார்?”

“வாற மாசம்.”

“அதுக்கு முதல் அலுவலை முடிச்சுப் போடலாம். பயப்பிடாதேங்கோ.”

மேலே என்றால் மலைநாடு ஐயா! நுவரெலியா! ஆனால் பலகைக்கு அந்தப் பக்கம் நின்றவருக்கு அது எப்படித் தெரியும்? அவர் யாரோ, என்ன பயமோ. பொலிஸுக்குச் சொன்னதற்காக அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. கண்ணிவெடியில் பஸ் பஸ்ஸாக ஆட்கள் போகிற காலம் இது.

மறுநாள் காலை வதனியின் தாய் போனில் அழுதார். பொலிஸ் லொட்ஜுக்கு வந்து வதனியை விசாரணைக்குக் கொண்டுபோய்விட்டதாம். எங்கள் வீட்டுக்கும் ஆள் வருமாம். வரும்வரை நாங்கள் இருக்கவில்லை. பின்னிய அரைத் தொப்பியைக் கம்பியும் நூலுமாக ஒரு பையில் போட்டுக்கொண்டு, மனைவியோடு ஓடினேன். எந்த நிலையம் என்று சொல்லப் போவதில்லை.

வாசலில் காவலுக்கு நின்றவர் பையைக் கவிழ்த்தார். இரண்டு நீளக் கம்பிகள் மேசையில் உருண்டன. “மே மொனவத?” என்றார். இது என்ன என்று கேட்கிற கேள்விக்கு என் ஆயுளில் இவ்வளவு யோசித்துப் பதில் சொன்னதில்லை.

உள்ளே மர வாங்கின் ஓரத்தில் வதனி இருந்தாள். அழவில்லை. என்னைக் கண்டதும் சொன்னது ஒன்றுதான்.

“சித்தப்பா, புதன்கிழமை எனக்கு இன்டர்வியூ.”

அதற்கு மேல் அவள் விளங்கப்படுத்தத் தேவையில்லை. பொலிஸ் ரிப்போர்ட் இல்லாமல் விசா இல்லை. புத்தகத்தில் அவள் பெயரில் ஒரு முறைப்பாடு எழுதினால் ரிப்போர்ட் இல்லை. எழுதுகிறவர் இன்னும் எழுதவில்லை. பேனை மேசையில் இருந்தது.

பொறுப்பதிகாரி சிங்களத்தில் கேட்டார். தமிழ் தெரிந்த கான்ஸ்டபிள் ஒருவர் பக்கத்தில் நின்றார். கிழக்கு மாகாணத்து முஸ்லிம் மனிதர். பக்கத்துக் கூண்டுக்காரர் வந்து சொன்ன பேச்சை அவர்தான் சிங்களத்தில் சொல்லியிருக்கிறார். கண்ணி என்றால் ‘பிம் போம்ப’, கண்ணிவெடி. கம்பி என்றால் வயர். மேலே போவது என்றால் உங்களுக்கே தெரியும். மொழிபெயர்ப்பில் ஒரு பிழையும் இல்லை. அதுதான் பிழை.

எனக்குத் தெரிந்த சிங்களத்தில் எல்லாம் சொன்னேன். தலை என்றேன், தொப்பி என்றேன், குளிர் என்றேன். பொறுப்பதிகாரி ஆசிரியருக்கே போன் எடுத்தார். உங்களுடைய தலை பெரிதா என்று அவர் கேட்டது எனக்குக் கேட்டது. பத்திரிகைக்காரருக்கு அந்தக் கேள்வி பல விதமாக விளங்கும்தானே? அடுத்த மாதம் நுவரெலியா போவதாகவும், தன் தலை சாதாரணத் தலை என்றும் அவர் சொன்னார்.

அதிகாரி என்னைப் பார்த்தார். “மஹத்தயா, அப்படியென்றால் பின்னுங்கள்” என்றார்.

பின்னினேன். முழு நிலையமும் என் கையையே பார்த்தது. நான்காவது வளையத்தில் ஒன்று கழன்று, ஓட்டை கீழே ஓடத் தொடங்கியது. அதிகாரி அந்த ஓட்டையைப் பார்த்தார். பிறகு பேனையைப் பார்த்தார்.

யாரும் கூப்பிடாமல் வதனி எழுந்து வந்தாள். என் கையிலிருந்து கம்பிகளை வாங்கினாள். கழன்றதை நுனியால் கொளுவி, ஒவ்வொரு படியாக மேலே ஏற்றினாள். அப்படியே வாங்கில் உட்கார்ந்து பின்னத் தொடங்கினாள்.

அதை எப்படிச் சொல்வேன்... கம்பிகள் ஒன்றோடொன்று தட்டுகிற மெல்லிய சத்தம். தட்டச்சு நின்றுவிட்டது. யாரும் எழுந்து போகவில்லை. ஜன்னலில் வெயில் ஏறி இறங்கியதைக் கண்டேன். அவள் இங்கே இல்லை. அந்த வெள்ளைத் தெருவில் எங்கேயோ நடந்துகொண்டிருந்தாள். நாங்கள் எல்லோரும், அதிகாரி உட்பட, கொஞ்சத் தூரம் கூடவே போனோம் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். பின்னலின் உச்சி குறுகிக் குறுகி வந்தது. கடைசி வளையங்களுக்குள் நூலைக் கோத்து இழுத்தாள். தட்டையாக இருந்தது சுருங்கித் தொப்பியாகி நின்றது.

முதலில் வாய் திறந்தவர் அந்தக் கான்ஸ்டபிள்.

“எங்கட வாப்பாவும் வலக்காரர்தான் சேர்” என்று அதிகாரியை விட்டுவிட்டு என்னிடம் தமிழில் சொன்னார். “வலைக்கும் கண்ணி எண்டுதான் சொல்ற. எனக்கு ஞாபகமே வரல்ல.”

அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. தகப்பனின் சொல் அது. வேலை வந்து மேலே உட்கார்ந்து அதை மூடிவிட்டது.

பொறுப்பதிகாரி பேனையை மூடினார். புத்தகத்தில் ஒன்றும் எழுதவில்லை. நல்ல மனிதர்தான், வாசல்வரை வந்து, வதனிக்கு ஒரு புத்தியும் சொன்னார் — அந்தச் சொல்லை இனிமேல் போனில் பாவிக்க வேண்டாம், எல்லோருக்கும் பிரச்சினை. அவள் தலையாட்டினாள். நானும் ஆட்டினேன்.

புதன்கிழமை இன்டர்வியூவுக்குப் போனாள். அவள் தைத்த பையிலிருந்து பூவோடு அட்டையை எடுத்துக் காட்டியிருப்பாள். நேற்றுப் போன் எடுத்தாள், அதே கொமியூனிகேஷனிலிருந்து. விசா சரியாம். மனைவி சிரித்து அழுது ரிசீவரை என்னிடம் தந்தாள். நான் இப்போது மனைவிக்கு ஒரு மஃப்ளர் பின்னுகிறேன் என்று சொன்னேன்.

“எத்தினை...” என்று தொடங்கினாள் வதனி.

நின்றாள். லைனில் இரைச்சல் மட்டும்.

“எத்தினை ஸ்டிச் போட்டனீங்கள் சித்தப்பா?”

வதனிக்கு விமானம் அடுத்த மாதம்தான். அவளுடைய சொல் முந்திப் போய்விட்டது.