வயிற்றின் மேல் வெள்ளரிக்காய்

ஒருத்தியின் வயிற்றில் வெள்ளரிக்காயை வைத்து வாளால் இரண்டாக்குவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. வாளை மேலிருந்து இறக்க வேண்டும், காய் பிளந்ததும் நிறுத்த வேண்டும், என்ன ஆனாலும் தன் பக்கம் இழுக்கக் கூடாது. அழுத்தினால் தோல் கொஞ்சம் தாங்கும், இழுத்தால் கிழிந்துவிடும். மார்க்கெட்டில் மீன் வெட்டுகிறவளுக்கும் தெரிந்த விஷயம்தான். நான்கு வருடம் அந்தக் காய்க்குக் கீழே படுத்தவள் என்பதால் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் வடசென்னையில், எம்.கே.பி. நகர் பக்கம் எங்கள் கராத்தே குழுவுக்கு ஏக மவுசு. பெயர்தான் கராத்தே, பாதி சர்க்கஸ். மாஸ்டர் பகலில் ஆட்டோ ஓட்டுவார், சாயங்காலம் ஹவுசிங் போர்டு மொட்டை மாடியில் வகுப்பு எடுப்பார். கோயில் திருவிழா, ரசிகர் மன்ற ஆண்டு விழா, கட்சிக்காரர் பிறந்தநாள், எதற்குக் கூப்பிட்டாலும் மஞ்சள் சாட்டின் துணியில் டிராகன் போட்ட உடுப்பை மாட்டிக்கொண்டு போய் நிற்போம். நெற்றியால் ஓடு உடைப்போம். அந்த ஓடுகளை முதல் நாளே தட்டி விரிசல் விட்டு வைத்திருப்போம். கடைசி ஐட்டம் வெள்ளரிக்காய். வெட்டுவது என் அண்ணன், படுப்பது நான். கூடப் பிறந்த தங்கச்சி என்று மைக்கில் சொன்னதும் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு "ஐயோ" என்பார்கள். மாஸ்டருக்கு அந்த ஐயோதான் வேண்டும்.

எனக்கு வேண்டியது போலீஸ் வேலை. எழுத்துத் தேர்வில் தேறிவிட்டேன். ஓட்டமும் நீளம் தாண்டுதலும்தான் பாக்கி, அது அடுத்த மன்ற விழா முடிந்து மூன்று வாரத்தில். எங்கள் பிளாக்கில் அதுவரை எந்தப் பெண்ணும் காக்கி போட்டதில்லை. அந்த விழாதான் கடைசி, அதோடு என்னை விட்டுவிடுங்கள் என்று மாஸ்டரிடம் சொல்லியிருந்தேன்.

அண்ணனுக்கு அத்திப்பட்டுப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் காண்டிராக்டில் ஃபிட்டர் வேலை. அங்கே மெஷின் மாட்ட ஒரு ஜப்பான்காரர் வந்திருந்தார். வேலை முடிந்ததும் கெஸ்ட் ஹவுஸுக்குப் பின்னால் தனியாக நின்று மரவாள் வீசுவாராம். நம் ஆளுக்குக் கை சும்மா இருக்குமா? போய், குட்டிக்கரணம் போட்டு, கம்பை வாள் மாதிரி சுழற்றி, கத்தி, தன் சரக்கையெல்லாம் காட்டியிருக்கிறான். அவர் கடைசிவரை பொறுமையாகப் பார்த்துவிட்டு, "இதில் எதிரி எங்கே நிற்கிறான்?" என்று மட்டும் கேட்டாராம். அன்று இரவு அண்ணன் சாப்பிடவில்லை.

மறுநாளிலிருந்து அவரிடம் கற்றுக்கொள்ளப் போனான். எட்டு மாதம் ஒரே ஒரு வெட்டு. விடியற்காலையில் மாடிக்குப் போய் ஒரு மரக்கம்பைத் தலைக்கு மேல் தூக்குவான், இறக்குவான், இறக்கும்போதே முழங்கையை மடக்கித் தன் பக்கம் இழுப்பான். சத்தம் கிடையாது, சுழற்றல் கிடையாது. துணி காயப்போடப் போன நான் ஒருநாள் சும்மா இல்லாமல் வாயைக் கொடுத்தேன்.

"இன்னாண்ணா, ஒட்டடை அடிக்கிறியா?"

"உனுக்கு இன்னா தெரியும்? கத்தின்னா இஸ்துக்கினே வெட்டணும். நாம பண்றது பூரா கலீஜு, அசிங்கம்."

"கலீஜுன்னா என்னையும் சேத்தா?"

"நீ இன்னா பெரிய வீராங்கனையா? காய் வெக்கிற பலகை."

சிரித்துக்கொண்டு சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன். சிரிக்காமல் சொன்னான். நான்கு வருடம் மூச்சை அடக்கிப் படுத்ததற்கு அந்த ஒரு வார்த்தைதான் கிடைத்தது. எனக்கு அவனைப் பிடிக்காமல் போனது அன்றைக்குத்தான்.

அதற்குள் கம்பெனியில் அவனை ஆறு மாதப் பயிற்சிக்கு ஜப்பான் அனுப்ப முடிவாகியிருந்தது. பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டுவிட்டு, போலீஸ் விசாரணைக்குக் காத்திருந்தான். வீட்டில் அம்மாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

விழாவுக்கு இரண்டு வாரம் முன்னால் குழுவின் வாளை வீட்டுக்கு எடுத்து வந்தான். லாரி ஸ்பிரிங் பட்டையை லேத்தில் கொடுத்துச் செய்து பாலிஷ் போட்ட வாள். கரண்டிக் காம்பு அளவுக்குத்தான் கூர்மை. தினமும் உட்கார்ந்து எண்ணெய்க் கல்லில் தீட்டினான். எதற்கு என்று கேட்டேன். "கூர்மையா இருந்தா அழுத்தவே வேணாம், உனுக்குத்தான் நல்லது" என்றான். நியாயமாகத்தான் பட்டது.

ஜப்பான்காரரையும் விழாவுக்கு அழைத்திருந்தான். காயை மேஜையில் வைத்து வெட்டினால் போதாதா, அந்தப் பெண் எதற்கு என்று அவர் கேட்டாராம். அண்ணன் அதை மாஸ்டரிடம் சொன்னதற்கு, "மேஜையை வெட்டுனா எவன்டா கை தட்டுவான்?" என்று கேட்டு அவர் பேச்சை முடித்துவிட்டார். அண்ணன் அப்போதாவது முடியாது என்று சொல்லியிருக்கலாம். கலீஜு என்று தெரிந்த பிறகும் மேடை ஏறத்தானே செய்தான்.

மேடையில் படுத்தேன். மேலாடையைத் தூக்கி வயிற்றின் குறுக்கே காயை வைத்தார்கள். வழக்கமாக மூன்று முறை வாளைச் சுழற்றி, ஒரு கூச்சல் போட்டுவிட்டுத்தான் இறக்குவான். அன்று அசையாமல் நின்றான். முன் வரிசையில் ஜப்பான்காரர் உட்கார்ந்திருந்தார். வாள் மேலே போனது, இறங்கியது. அவன் முழங்கை மடங்கி உள்ளே போவதைப் பார்த்துவிட்டேன். மாடியில் எட்டு மாதம் பார்த்த அதே இழுப்பு. நான் கத்துவதற்குள் முடிந்திருந்தது.

முதலில் ஐஸ் வைத்தாற்போல இருந்தது. பிறகுதான் எரிந்தது. காய் இரண்டு துண்டாக உருள, மஞ்சள் துணி சிவந்துகொண்டே போனது. ஜனங்கள் விசிலடித்தார்கள். குங்குமத் தண்ணீர் பை வைத்து ரத்தம் காட்டுகிற வேலையை நாங்களே பல மேடைகளில் செய்திருக்கிறோம், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. ஜப்பான்காரர் ஒருவர்தான் நாற்காலி சாய எழுந்து நின்றார். மாஸ்டர் மைக்கை மூடிக்கொண்டு என் காதில், "எந்திரிச்சு ஒரு கும்புடு போட்டுட்டுப் போயிடும்மா, பேரு கெட்டுடும்" என்றார். நானும் வயிற்றைப் பொத்திக்கொண்டு எழுந்து கும்பிட்டேன்! இப்போது நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. அண்ணன் என் பக்கம் வரவில்லை. ஜப்பான்காரர் கற்றுக்கொடுத்த முறைப்படி வாளைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

அரசு ஆஸ்பத்திரியில் குடலுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றார்கள். ஆனால் சதை வெட்டுப்பட்டிருக்கிறது, ஆறு மாதம் ஓடவோ தாண்டவோ கூடாது. அந்த ஒரு வாக்கியத்தில் என் வேலை போனது. அடுத்த முறை ஆள் எடுத்தபோது எனக்கு வயது தாண்டிவிட்டது.

அம்மா கட்டிலருகே உட்கார்ந்து என் கையைத் தடவினாள். ஆறுதல் சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன்.

"ஏட்டு வந்து கேட்டா, வூட்ல அருவாமனை மேல வுய்ந்துட்டேன்னு சொல்லு. உனுக்குப் போனது போச்சு. அவனாவது வெளிநாடு போயி நல்லா இருக்கட்டும்."

சரி என்றேன். சத்தியமாகச் சொல்லத்தான் இருந்தேன். கேஸ் என்று ஒன்று விழுந்தால் அவன் பாஸ்போர்ட் அவ்வளவுதான் என்று எனக்கும் தெரியும். கூடப் பிறந்தவனாயிற்றே.

டாக்டர் கட்டைப் பிரித்து மருந்து வைத்தார். அண்ணன் கட்டில் கால்மாட்டில் நின்றான். இரண்டு நாளாக என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச வாய் வராமல் நிற்கிறான், பாவம் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். தையலையே உற்றுப் பார்த்தவன், டாக்டரிடம் மெதுவாகக் கேட்டான்.

"காயம் கோணாம ஒரே நேரா இருக்குதா, சார்?"

டாக்டர் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "ஸ்கேல் வெச்ச மாதிரி இருக்கு" என்றார். அண்ணன் தலையை ஆட்டிக்கொண்டான். அவன் முகத்தில் இருந்தது சந்தோஷம். மறைக்கப் பார்த்தும் முடியவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஆஸ்பத்திரி ஏட்டு நோட்டோடு வந்தார். அம்மா எனக்கு முன்னால் அரிவாள்மனைக் கதையை ஆரம்பித்தாள். அவர் கையமர்த்தி, "நீ சொல்லும்மா, எப்படி ஆச்சு?" என்று என்னைக் கேட்டார்.

"எங்க அண்ணன் வெட்டுனாரு சார். கத்தியால."

"கை தவறிப் பட்டுதா, வேணும்னே வெட்டுனானா?"

"வேணும்னேதான்."

அம்மா தலையிலடித்துக்கொண்டு அழுதாள். "ஏய், அப்டி சொல்லாதடி, நான் உன் அண்ணன்டி" என்றான் அவன். ஏட்டு எழுதி முடித்து நோட்டை நீட்டினார். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்ளலாம் என்று பார்த்தேன், தையல் இழுத்ததில் முடியவில்லை. அதனால் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன்.