எட்டடிக் கடல்

என் கணவர் நாமக்கல்லில் லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். நான் அதே ஊரில் ஒரு பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்கு வேதியியல் நடத்துகிறேன். எங்கள் வீட்டுக் கூடத்தில் மூன்றடி நீளத்துக்கு ஒரு கடல்நீர் மீன்தொட்டி இருந்தது. வாங்கி வந்தவர் அவர். முதல் மாதத்தோடு அவருடைய ஆர்வம் தீர்ந்துபோனது. பிறகு இரண்டு வருடமாக அதை உயிரோடு வைத்திருந்தவள் நான். இரண்டு கோமாளி மீன்கள், ஒரு சிவப்பு இறால், சில நத்தைகள், பாறைமேல் பொத்தான் பொத்தானாக விரிந்திருக்கும் பவளங்கள். வாரம் ஒருமுறை சுத்திகரித்த நீரில் உப்பைக் கலந்து, அளவு பார்த்து, தொட்டி நீரில் கொஞ்சத்தை மாற்றுவேன். விருந்தாளிகள் வந்துவிட்டால் மட்டும் தொட்டி அவருடையதாகிவிடும். பவளத்தைக் கடல்செடி என்று சொல்லிக் காட்டுவார். அது உயிர், அதற்கு வாய் இருக்கிறது, இரை தின்கிறது என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

போன வருடம் தை மாதம், ராசிபுரத்தில் அவருடைய பங்காளி ஒருவர் புதுவீடு கட்டிக் குடிபோனார். கூடத்தில் ஐந்தடிக்குக் கடல்தொட்டி. பந்தியிலிருந்து எழுந்தவர்கள் எல்லாம் அதன் முன்னால்தான் போய் நின்றார்கள். கட்டிய வீட்டை யாரும் பார்க்கவில்லை. என் கணவர் பாயசத்தைத் தொடவில்லை. திரும்பும்போது கார் புதுச்சத்திரம் தாண்டியது. பிறகு சொன்னார்:

"நம்முளுது எட்டடி வெக்கறோம் புள்ள."

எதற்கு என்று நான் கேட்கவில்லை. மூன்றடி வித்தியாசத்தில் மானம் மீண்டுவிடும் என்று நம்புகிற மனிதரிடம் கேட்க என்ன இருக்கிறது? ஆனாலும் எனக்கும் உள்ளுக்குள் ஆசை வந்தது. பெரிய தொட்டியில் நீர் சீக்கிரம் கெடாது, இன்னும் பலவகைப் பவளம் வளர்க்கலாம். எதற்குப் பின் எதைச் செய்யவேண்டும் என்று இரண்டு தாளில் எழுதிக் கொடுத்தேன். மறுநாள் அந்தத் தாளில் அவர் போண்டாவின் எண்ணெயை ஒற்றிக்கொண்டிருந்தார்.

தொட்டியைத் தாங்கும் ஸ்டாண்டு பட்டறையிலேயே தயாரானது. உப்பு இரும்பைத் தின்றுவிடும், வேறு ஏதாவது யோசிக்கலாம் என்றேன். இருபது டன் ஏற்றும் பாடி கட்டுகிறவனுக்குப் பாடம் நடத்துகிறாயா என்றார். ஸ்டாண்டு வந்து இறங்கியபோது அதன் முன்பக்கத்தில் நீல அலைகளும் துள்ளும் டால்பினும் இருந்தன. லாரிக்குப் படம் எழுதுகிறவரைக் கொண்டே எழுத வைத்திருந்தார். டால்பினுக்குக் கண்ணிமை வேறு. கடலன்னை துணை என்று கீழே மஞ்சள் எழுத்து. பார்க்க வந்த சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு செல்பி எடுத்துக்கொண்டார்கள்.

போர்த் தண்ணீரையே ஊற்றிவிடலாம் என்றார். அந்த ஒன்றில் நான் அசையவில்லை. சுத்திகரித்த நீர் டிரம் டிரம்மாக நிறைய ஒரு வாரம் ஆனது. ஐம்பது கிலோ உப்பைக் கலந்தோம், பாறைகளை அடுக்கினோம். இனி ஒரு மாதம் எதையும் விடக்கூடாது, பாறையில் நுண்ணுயிர்கள் வளர்ந்த பிறகுதான் மீனின் கழிவு விஷமாகாமல் இருக்கும் என்று விளக்கினேன். தலையை ஆட்டினார். பதினோராம் நாள் நான் பள்ளியிலிருந்து வந்தபோது சின்னத்தொட்டி வெறிச்சோடிக் கிடந்தது. இரண்டு மீனும் இறாலும் நத்தைகளும் எட்டடிக்குள் இருந்தன. பெயர்த்தெடுக்க முடிந்த பவளத்தையெல்லாம் பெயர்த்து உள்ளே வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை பங்காளியைக் குடும்பத்தோடு சாப்பிட அழைத்திருக்கிறாராம்.

மீன்கள் மூச்சு வாங்குகின்றனவா என்று குனிந்து பார்த்தேன். அப்போதுதான் கீழே, தொட்டி நீர் சுற்றிவரும் குழாயில் மஞ்சளாகப் பளபளத்த வால்வைக் கண்டேன். நான் வாங்கி வைத்திருந்த பிளாஸ்டிக் வால்வு மட்டமாகத் தெரிந்ததாம், பட்டறையிலிருந்து பித்தளையைக் கொண்டுவந்து பூட்டியிருந்தார். பித்தளையில் பெரும்பங்கு செம்பு. உப்புநீர் அதை அரிக்கும். கரைந்து வரும் செம்பு துளியளவு இருந்தாலும் இறாலும் நத்தையும் பவளமும் பிழைக்காது. நான் வாயைத் திறந்தேன். அவர் பங்காளியோடு போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"அவளுக்கென்னங்க தெரியும், சோறு போடற மாதிரி ரெண்டு வேளை தீனி போடுவா. முச்சூடும் நாந்தான் பண்ணுனது."

வாயை மூடிக்கொண்டேன். அவர் பேர் நாறட்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் நத்தைகள் மல்லாந்து விழுந்துவிட்டன. பவளங்கள் முஷ்டி மடக்கியதுபோல் சுருங்கிக்கொண்டன. இறால் பக்கவாட்டில் கிடந்து காலை உதைத்துக்கொண்டிருந்தது. தொட்டிக்குள் கையை விட்டால் ஓடி வந்து என் நக இடுக்கைக் கொத்திச் சுத்தம் செய்கிற இறால் அது. அன்றும் கையை விட்டேன். மீசை மட்டும் அசைந்தது.

பங்காளியும் அவர் மனைவியும் வந்தார்கள். என் கணவர் டால்பின் பக்கத்தில் நின்றுகொண்டு, நான் தீனியை அள்ளிக் கொட்டிவிட்டதாகச் சொன்னார். பங்காளியும் பெண்பிள்ளைகளிடம் விட்டால் அப்படித்தான் என்று ஒத்துப் பாடினார். அவர் மனைவி முந்தானையைச் சொருகிக்கொண்டு ஸ்டாண்டுக்குக் கீழே குனிந்து பார்த்தாள். அந்த ஐந்தடித் தொட்டியை யார் பராமரிக்கிறார்கள் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"ஏனுங்க மாமா, இது பித்தளைங்களா? இது ஆகாதுங்களே."

சொல்லிவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். எனக்குத் தெரிந்திருந்தது என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

என் கணவர் அது நல்ல பித்தளை, முதல் தரம் என்று கோபமாகச் சொன்னார். சாப்பிட உட்கார்ந்தார்கள். நான் பரிமாறினேன். கோழிக்குழம்பு நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். இறால் அதற்குள் செத்திருந்தது.

செம்பை ஊறவைத்துக்கொண்ட பாறைகள் எதற்கும் உதவாது. எல்லாவற்றையும் அள்ளிக் கொல்லையில் போட்டேன். மீன்கள் மட்டும் தாக்குப்பிடித்தன. அவற்றைச் சின்னத்தொட்டிக்கே மாற்றி, தொட்டியைப் படுக்கையறைக்கு நகர்த்தினேன். எட்டடியில் இப்போது போர்த் தண்ணீர் நிற்கிறது. அதில் வாஸ்து மீன் என்று சொல்லி விற்ற ஒரு நீள மீன் முன்னும் பின்னுமாகப் போய்வருகிறது. கடல்மீன் வீட்டுக்கு ராசியில்லை, அதனால்தான் எடுத்துவிட்டேன் என்று வருகிறவர்களிடம் சொல்கிறார். நம்பிக்கொண்டு போகிறார்கள். நான் திருத்துவதில்லை.

ராசிபுரத்துக்காரி சனிக்கிழமைகளில் போன் செய்வாள். உப்பின் அளவு, புதுப் பவளம் எப்படி இருக்கிறது என்று பேசிக்கொள்வோம். ஒரே ஒருமுறை அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிச் சொன்னாள்.

"நானா இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேனுங்க்கா. பட்டுத் தெரிஞ்சுக்கட்டும்னுதான் உட்டிருப்பேன்."

பட்டது அவரில்லை என்றேன். அவள் தன் தொட்டியில் பாறையெல்லாம் பச்சைப்பாசி பிடிக்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டாள். விளக்கை இரண்டு மணிநேரம் குறைத்துப் பார்க்கச் சொன்னேன்.