உகாலெக் என்று ஒரு சிகரம்

செத்தவனின் பெயரைச் சொன்னால் அவன் வந்து ஆளைக் கொண்டுபோவான் என்று நம்புகிறீர்களா? இல்லை என்பீர்கள். பிபியானேவின் ஊரில் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

கிழக்கு கிரீன்லாந்தின் அந்தக் கரையில், ஊர்க் கடையிலிருந்த இருவழி வானொலிக் கருவி அவள் பொறுப்பு. முந்தைய குளிர்காலத்தில் அவள் கணவன் உகாலெக் கடல்பனி உடைந்து மூழ்கிப்போனான். அந்தப் பெயரை ஏற்க ஒரு குழந்தை பிறக்கும்வரை யாரும் அதை உச்சரிக்கக் கூடாது. உள்நாட்டை மூடிக் கிடக்கும் உட்பனியின் விளிம்பில், முயல் காதுபோல இரண்டு கொம்புகளோடு நின்ற சிகரத்துக்கும் அதே பெயர்; உகாலெக் என்றால் முயல். அதனால் ஊர் அதை இரட்டைக்காது என்று மாற்றிக்கொண்டது. வரைபடம் மாறவில்லை.

நாய்ச்சறுக்கு வண்டியில் பனியாற்றைக் கடக்கப்போன அவள் தம்பி கிதியோன் மதியம் வானொலியில் அழைத்தான்.

"அக்கா, காலு ஒடிஞ்சிருச்சு. இரட்டைக்காதுக்குக் கீழ கெடக்கேன். நாய்ங்க என் ரொட்டியைத் தின்னுட்டு இப்ப என்னையே பாக்குதுங்க."

அவள் நகரத்து மீட்பு நிலையத்துக்கு, இரண்டு கொம்புள்ள மலை என்று சொன்னாள். ஹெலிகாப்டர் ஓட்டி சலித்துக்கொண்டான். "இங்க பாதி மலைக்கு ரெண்டு கொம்பு இருக்கு, பிபியானே. வரைபடத்துல இருக்கற பேரைச் சொல்லு."

மாமியார் தொமசினே அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "சொல்லாதடி. அவன் காதுல விழுந்துரும்."

பிபியானே பனியாறு பிரியும் இடத்தைச் சொன்னாள், கறுத்த பாறைச் சரிவைச் சொன்னாள். ஹெலிகாப்டர் வேறு மலைகளைச் சுற்றியது.

"அக்கா, மலை உச்சியில பனி பொகையுது. காத்து எறங்கப்போவுது. எங்க அவங்க?"

"உகாலெக்!" என்று பிபியானே ஓட்டியிடம் அலறினாள். "உகாலெக் மலை!"

காலம் கடந்திருந்தது. உட்பனியிலிருந்து காற்று கொட்டியது, ஹெலிகாப்டர் திரும்பிவிட்டது. காற்று ஓய்ந்து ஊரார் போய்ப் பார்த்தபோது, கிதியோன்மேல் சுருண்டு கிடந்த நாய்கள்தான் உயிரோடு இருந்தன.

"கூப்பிட்டா. வந்தான். கொண்டுபோயிட்டான்" என்றது ஊர்.

அன்றிலிருந்து அவள் வீட்டுக்கு யாரும் போவதில்லை. காற்று எழும்போதெல்லாம் அவள் கருவியை அணைத்துவிடுவாள், அணைத்த பெட்டிக்குள்ளிருந்து தம்பி "எங்க அவங்க?" என்பான்.

பெயர் யாரையும் கொல்லவில்லை. அதை விழுங்கிக்கொண்டு கழித்த நேரம்தான் கொன்றது. அந்த மௌனம் ஊர் முழுவதற்கும் சொந்தம். பழி மட்டும் ஒருத்திக்கா?

அந்தக் கரைக்குப் போனால், கடைக்குப் பின்னாலுள்ள சிவப்பு வீட்டின் கதவைத் தட்டுங்கள். பட்டப்பகலில், ஊர் பார்க்க உள்ளே போய், அவள் தரும் காபியைக் குடித்துவிட்டு வாருங்கள்.