கடைசிக் காட்சியில் தயிர்சோறு

கொடுமுடியில் அத்தை மகள் வயசுக்கு வந்து, அவளுக்குச் சீர் செய்த அன்றைக்கு எல்லோரும் இருந்தார்கள். அம்மா இருந்தார், சித்தப்பா இருந்தார், நான் இருந்தேன். அத்தையின் மாமியார் வழியில் பல்லுப் போன கிழவர்கள்கூட வேன் பிடித்து வந்திருந்தார்கள். இல்லாமல் போனது ஒரே ஒருவர்தான். மூத்த தாய்மாமன், அதாவது என் அப்பா.

பல்லடத்தில் அன்றைக்குத்தான் எங்களுக்குப் புதுத் தறிகள் வந்து இறங்கின. பூட்டுவதற்கு ஆள் கிடைத்ததும் அன்றைக்குத்தான். சீர்த்தட்டுகளைச் சித்தப்பாவிடம் கொடுத்து அனுப்பிவிட்டு அப்பா ஷெட்டிலேயே நின்றுவிட்டார். தட்டில் ஒரு குறையும் இல்லை. ஆனால் மூத்த தாய்மாமன் போடவேண்டிய மாலை ரொம்ப நேரம் தட்டிலேயே கிடந்து வாடி, கடைசியில் சித்தப்பா அதை எடுத்துப் போட்டார். அப்போது அத்தையின் மாமியார், பந்தல் முழுக்கக் கேட்கும்படி, "உங்கண்ணனுக்குத் தறிதான் கூடப் பொறந்தவளாட்ட இருக்குது அம்மணி" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அத்தையும் சிரித்தார்.

அதன்பிறகு நான்கு வருஷம் அத்தை எங்கள் வீட்டுப் படியேறவில்லை. சண்டை என்று ஒன்று நடக்கவே இல்லை. அப்பா கொடுமுடிக்குப் போனால் நாற்காலி வரும், காப்பி வரும், பலகாரம் வரும். அதுவரை "அண்ணா, வா" என்று கூப்பிட்டவர் "ஏனுங்ணா, வாங்க, உக்காருங்க" என்று மாறியிருந்தார், அவ்வளவுதான். எங்கள் பக்கத்தில் தங்கச்சியின் மரியாதை திடீரென்று கூடினால் அண்ணன்கள் பயப்பட வேண்டும். அதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் கைடு.

நான் ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் ஆங்கிலப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடிக்காத முதல் ஆள் நான்தான். அந்த வருஷம் துணைப்பாடமாக ஒரு பழங்காலப் பழிவாங்கும் நாடகத்தைச் சுருக்கி வைத்திருந்தார்கள். கணவனைக் கொன்ற பிரபுவின் அரண்மனையில் ஒருத்தி பணிப்பெண்ணாகச் சேர்கிறாள். வருஷக்கணக்கில் சிரித்த முகத்தோடு சேவகம் செய்கிறாள். கடைசிக் காட்சியில், பிரபு வீட்டுக் கல்யாண விருந்தில், எல்லோருக்கும் விஷம் வைத்துத் தானும் குடிக்கிறாள். கதைமாந்தர் பண்பு, கருப்பொருள் என்று கைடில் பக்கம் பக்கமாகப் போட்டிருந்தது. எனக்கு அத்தனையும் மனப்பாடம்.

சித்தப்பாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. இணைச்சீர் என்று எங்களில் ஒரு சடங்கு உண்டு. கூறைப்புடவையின் ஒரு முனையை மாப்பிள்ளையும் மறு முனையை அவன் உடன்பிறந்தவளும் பிடிக்க வேண்டும். அத்தை உயிரோடு இருக்க வேறொருத்தியை நிறுத்த முடியாது. "வந்துருவா" என்றார் அம்மா. "வாரது பெருசில்ல. அவ நம்ம பந்தீல கை நனச்சாப் போதும். நாலு வருசத்து வருத்தமும் போயிரும்" என்றார் அப்பா. இதைக் கேட்டபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கல்யாணத்துக்கு வருகிறவர் சாப்பிடாமல் வேறென்ன செய்வார்?

கல்யாணம் சொல்ல அப்பாவும் நானும் கொடுமுடிக்குப் போனோம். அத்தை வெற்றிலை பாக்கை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். எங்களை உட்காரவைத்து வயிறு நிறையச் சோறு போட்டார். அப்பா இரண்டாம் முறை ரசம் கேட்டு வாங்கிக் குடித்தார். கை கழுவிய பிறகு, என்ன படிக்கிறாய் என்று அத்தை என்னைக் கேட்டார். விடுவேனா, நாடகம் முழுவதையும் சொன்னேன்.

"கடசீல?"

"எல்லாரும் செத்துப் போறாங்க அத்தை."

"அவளுமா?"

"அவளுந்தானுங்க."

"அட கிறுக்கி! எல்லாத்தையும் கொன்னுபோட்டா, அப்பறம் உக்காந்து வருத்தப்படறதுக்கு ஆரு இருக்கறா?"

அப்பா சத்தமாகச் சிரித்தார். அத்தை இப்படிப் பேசி நான்கு வருஷம் ஆகியிருந்தது. எனக்கோ ஆதங்கமாகப் போய்விட்டது. "அதுதானுங்க அத்தை கருப்பொருளே. பழி வாங்கறவிங்களையே பழி அழிச்சுபோடும்" என்று விளக்கினேன்.

"ஆரு சொன்னது?"

"கைடுல போட்டிருக்குதுங்க."

"அதை எழுதுனவனுக்குக் கூடப் பொறந்தவ இல்லையாட்ட இருக்குது கண்ணு" என்று சொல்லிவிட்டு அத்தை அடுப்படிக்குப் போய்விட்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தேன். கைடு சொன்னபடி பழிவாங்குபவளின் அடையாளங்கள் மூன்று. காரணமில்லாமல் சிரிப்பாள். இனிக்க இனிக்கப் பேசுவாள். எதிரியின் வீட்டுக்குத் தானே பரிசு கொண்டுவருவாள். முதல் இரண்டும் அத்தையிடம் அப்படியே இருந்தன. கடைசிக் காட்சிக்கு விருந்தும் தயாராகிக்கொண்டிருந்தது. நாயகி அத்தை என்றால் பிரபு யார் என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு நிமிஷம் ஆகவில்லை. அப்பாவைக் காப்பாற்றும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

முகூர்த்தத்தன்று அத்தை முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். சித்தப்பாவுக்கு மோதிரம் கொண்டுவந்திருந்தார். மூன்றாவது அடையாளமும் சரியாகிவிட்டது. ஓடிப்போய் அவர் பையை வாங்கிக்கொண்டேன். "நல்ல புள்ள" என்றார். ஜமுக்காளம் அடுக்கிய அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்திப் பையைத் திறந்தேன். மாற்றுப்புடவை, சீப்பு, அடியில் ஒரு தூக்குப்போசி. மூடியைத் திறந்தால் தயிர்சோறு. ஓரத்தில் எலுமிச்சை ஊறுகாய். மோந்து பார்த்தேன். விரலால் தொட்டு நாக்கிலும் வைத்துப் பார்த்தேன். வெறும் தயிர்சோறுதான். நிம்மதியாக மூடிவைத்தேன்.

இணைச்சீரில் அத்தை ஒரு குறையும் வைக்கவில்லை. கூறைப்புடவையைப் பிடித்துக்கொண்டு அவர் நின்றதைப் பார்த்து அப்பா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சடங்கு முடிந்ததும் அப்பா என்னைத் தனியே கூப்பிட்டார்.

"அத்தையப் பந்திக்குக் கூட்டிட்டுப் போ. நானே போயி நின்னா அவளுக்குச் சங்கடமா இருக்கும். நீ பக்கத்துல இருந்து பாத்துக்க."

அப்பாவுக்கும் சந்தேகம் வந்துவிட்டது என்று நினைத்தேன். தண்ணீர் ஜக்கை எடுத்துக்கொண்டு அத்தைக்கு எதிரிலேயே நின்றேன். அவர் கைகளை விட்டு என் கண் நகரவில்லை. அந்தக் கைகள் பக்கத்து இலைப் பக்கம் போகவே இல்லை. தன் இலைப் பக்கமும் போகவில்லை. பரிமாறுகிறவரிடம், "என்னங்க, பாயாசத்துக்கு இப்படிக் கஞ்சப்படறீங்க? எங்கண்ணன் வீட்டுக் கல்யாணமுங்க, நல்லா ஊத்துங்க" என்று வம்பு செய்து எல்லாவற்றையும் நிறைய வாங்கிக்கொண்டார். பக்கத்து இலையிலிருந்த ஒரு அம்மாளிடம் கொடுமுடிக் காவிரியில் வந்த வெள்ளத்தைப் பற்றிப் பேசினார். பந்தி எழுந்தபோது அவரும் இலையைத் தன் பக்கமாக மடித்து, முறைப்படி எழுந்தார். என் தலையைத் தடவி, "வாரேன் கண்ணு, நல்லாப் படி" என்றார். மதியப் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

கடைசிக் காட்சி சாவில்லாமல் முடிந்ததில் எனக்குப் பெருமை தாங்கவில்லை. மண்டப வாசலில் அப்பாவைப் பிடித்தேன்.

"ஒண்ணும் ஆகலீங்கப்பா. எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது."

"சாப்புட்டாளா?"

"அத்தைக்குப் பசியில்லையாட்ட இருக்குதுங்க. எலையைத் தொடவே இல்லை. ஆனாப் பரவாயில்லீங்க, பையில போசி நெறையத் தயிர்சோறு வெச்சிருக்காங்க. பஸ்ஸுல சாப்பிட்டுக்குவாங்க."

"போசியா? ஊட்டுல இருந்தேவா?"

"ஆமாங்க. நான் தெறந்து பாத்தேன்."

அப்பா அடுக்கியிருந்த நாற்காலிகளில் ஒன்றை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். காலையிலிருந்து நின்ற களைப்பு என்று நினைத்து, ஜக்கில் மிச்சமிருந்த தண்ணீரை அவருக்கு ஊற்றிக் கொடுத்தேன். அப்பா டம்ளரைக் கையில் வாங்கினார். குடிக்கவில்லை.

முழுப் பரீட்சையில் அந்த நாடகத்திலிருந்தே கேள்வி வந்தது. பழிவாங்கல் என்பது ரத்தத்தில் தொடங்கி ரத்தத்தில் முடிவது என்று இரண்டு பக்கம் எழுதினேன். வகுப்பிலேயே எனக்குத்தான் அதிக மதிப்பெண்.

அத்தை பிறகு ஒருநாளும் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. தறிகள் பெருகின. அப்பா ரொம்ப வருஷம் நன்றாகவே இருந்தார். பந்தியில் உட்காரும்போதெல்லாம் முதல் வாய் எடுக்கும் முன் ஒரு கணம் நிறுத்துவார். அதன் காரணம் எனக்குப் பிடிபட இன்னும் பல கல்யாணங்கள் தேவைப்பட்டன.

கல்யாணத்துக்கு மறுநாள் சமையல்காரர் இலைக்கணக்கோடு வந்தபோது நானும் பக்கத்தில் இருந்தேன்.

"ஒரு எலை மட்டும் அப்படியே கெடந்துச்சுங்க. வெச்சது வெச்சபடி. அதைக் கழிச்சுக்கலாமுங்க" என்றார்.

"வேண்டாம். அதையும் சேத்துக்க" என்றார் அப்பா.

இலைக்கு இருபத்திரண்டு ரூபாய்.