சுழல்களும் நங்கூரக் கல்லும்

மூன்றாம் வகுப்போடு நின்ற நான் மறைமலைநகரில் லேத் பட்டறை வைத்தேன், வீடு கட்டினேன், மகள் மலரை இன்ஜினியராக்கினேன். அவளுடைய டெலஸ்கோப்பைத் தாங்கும் இரும்பு ஸ்டாண்டும் நானே கடைந்ததுதான்.

அந்த ஸ்டாண்டு இப்போது மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடற்கரை மணலில் நடுங்குகிறது. வெகு தொலைவில் இரண்டு சுழல் நட்சத்திர மண்டலங்கள் மோதி ஒன்றாகிக்கொண்டிருக்கின்றனவாம். அதைப் படமெடுக்க மலர் மூன்று வாரம் மேகத்தோடு போராடி, இன்று இரவுதான் வானம் தெளிந்திருக்கிறது. ஆனால் எடுக்கிற படமெல்லாம் கோடு கோடாக இழுத்துக்கொள்கிறது. மலரின் முகம் வாடுகிறது.

பக்கத்தில் வலை பிரிக்கும் மீனவர் ஏழுமலை எழுந்து வருகிறார்.

“இன்னா அண்ணாத்த, ஸ்டாண்டு காலு ஆடிக்கினு கீது?”

“என் வேல ஆடாதுய்யா. காத்துதான் ஆட்டுது.”

“காத்து இன்னா புச்சா? கல்லக் கட்டு.”

தன் படகின் நங்கூரக் கல்லைக் கொண்டுவந்து ஸ்டாண்டின் நடுவில் தொங்கவிடுகிறார். காற்றுக்கு அசையவில்லை. ஆனாலும் அடுத்த படமும் இழுக்கிறது.

“அப்பா, நீதான் நடந்துகினே கீற, மணலு அதிருது!” என்கிறாள் மலர். உண்மைதான். ஏழுமலைக்குப் பட்டறைக் கதை சொல்லியபடி ஸ்டாண்டைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறேன்.

“குந்து அண்ணாத்த. கதைய காலையில கேக்கறேன்.”

வாயை மூடி உட்கார்கிறேன். என் வாழ்க்கையில் இவ்வளவு நேரம் சும்மா இருந்ததில்லை. கடைசியில் கேமரா திரையில் இரண்டு சுழல்கள் தெரிகின்றன, ஒன்றின் கை இன்னொன்றின் தோளில் கிடக்கிறது. மலர் என் கழுத்தைக் கட்டிக்கொள்கிறாள்.

படத்தின் கீழே அவள் பெயர் இருக்கட்டும். கல்லுக்கு ஏழுமலை பெயரும் இருக்கட்டும். என் பெயர் மட்டும் இரண்டு தரம் வர வேண்டும்: ஸ்டாண்டு செய்ததற்கு ஒன்று, ஆடாமல் உட்கார்ந்ததற்கு ஒன்று.