டேங்க் வற்றிய காலை

பேரன் தன் கைப்பேசியில் ஒரு பக்கத்தைக் காட்டினான். பழைய லொறி என்ஜின்களைப் பற்றியது. எங்கள் தோட்டத்தில் ஓடிய அதே டீசல் என்ஜின். ஆறு சிலிண்டர், மூன்று கேலன் ஆயில், வால்வு இடைவெளி, பில்டர் மாற்றும் கணக்கு, எல்லாம் சரியாகவே இருந்தன. மொத்தம் பதினேழு குறிப்புகள், எண்ணிப் பார்த்தேன். பன்னிரண்டாவதில்தான் எனக்கு இரத்தம் கொதித்தது. டேங்க் வற்றினால் குழாய்களில் காற்றுப் புகுந்துவிடும், அதை வெளியேற்றுவது பத்து நிமிட வேலை என்று எவனோ எழுதியிருந்தான். பத்து நிமிடமாம்!

எனக்கு அப்போது ஒன்பது வயது. நமுனுகுல மலைச்சரிவில் எங்கள் தோட்டம். அப்பா கொழும்பில் ஒரு கடையில் வேலை பார்த்தார். அம்மாவும் நானும் அம்மாவின் தம்பி வீட்டில் இருந்தோம். அந்த மாமாதான் தோட்டத்து லொறி டிரைவர். தேயிலைப் பெட்டிகளைத் தெமோதரை ஸ்டேஷனுக்கு இறக்கவும், நோயாளிகளைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவும் அந்த ஒரு லொறிதான் இருந்தது.

மாமா அந்த என்ஜினைப் பார்த்துக்கொண்ட அளவுக்குத் தன் உடம்பைப் பார்த்துக்கொண்டதில்லை. எத்தனை மணிக்கு வேலை முடிந்தாலும் டேங்கை விளிம்பு வரை நிரப்பிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார்.

“குளிருல பாதி டேங்க் வேர்க்கும்டா. வேர்வ தண்ணி. அது உள்ள போச்சுன்னா இன்ஜெக்டர் செத்துச்சு” என்பார். காலையில் மூடியைத் திறந்து, கோடு வெட்டிய மூங்கில் குச்சியை விட்டு அளந்த பிறகுதான் ஸ்டார்ட் செய்வார்.

ஒரு நாள் சாயந்தரம் தோட்டத்துத் துரையின் பங்களாவில் விருந்து. பங்களாவுக்கு வெளிச்சம் தரும் டைனமோவுக்கு டீசல் இல்லை. லொறிக் கொட்டகை டிரம்மில் கடைசியாக இருந்ததை மாமா லொறிக்கு ஊற்றிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். புது டிரம்முக்கு எழுதிப் போட வேண்டியவர் தோட்டத்து ஆபீசின் பெரிய கிளாக்கர். அவர் மறந்துவிட்டார். கொட்டகையருகே நின்ற என்னைக் கூப்பிட்டார்.

“டியூப் வச்சு எண்ணெ எடுக்குறத பாத்திருக்கியா?”

“பாத்திருக்கேங்க. ரெண்டு தடவ உறிஞ்சினா வந்துரும்.”

“கெட்டிக்காரப் பய. எங்க, செஞ்சு காட்டு. மாமாகிட்ட நான் சொல்லிக்கிறேன்.”

செய்து காட்டினேன். வாயெல்லாம் டீசல். ஏழு கேன் வந்தது. அடியில் கொஞ்சம் மிஞ்சட்டும் என்றார் கிளாக்கர். கூலியாக இரண்டு துண்டு கேக் கிடைத்தது. ஒன்றை அம்மாவுக்கு வைத்திருந்தேன். நிறைமாதக்காரி, வேண்டாம் என்றுவிட்டாள். அதையும் நானே தின்றேன்.

விடியும்போது அம்மாவுக்கு வலி எடுத்தது. மருத்துவச்சி வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பிள்ளை குறுக்கே கிடக்கிறது, பதுளைக்குக் கொண்டுபோங்கள் என்றாள். லொறியின் பின்னால் மெத்தை விரித்து அம்மாவைக் கிடத்தினார்கள். மருத்துவச்சி பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் முன்னால் ஏறினேன். அந்த ஒரு நாள் மாமா குச்சி விட்டு அளக்கவில்லை. அக்காள் கதறும்போது எவன் குச்சியைத் தேடுவான்?

மூன்றாவது வளைவு ஏற்றத்தில் என்ஜின் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. மாமா இறங்கிக் குச்சியை விட்டார். நுனியில் மட்டும் ஈரம்.

“நேத்து ரொப்பினேனே… யாருடா டேங்க்ல கைய வச்சது?”

அருகில் என்னைத் தவிர யாருமில்லை. நான் சக்கரத்து நட்டுகளை எண்ணினேன். எட்டு. மாமா குனிந்து என் வாயருகே மோந்து பார்ப்பதுபோல் ஒரு மூச்சு இழுத்தார். அதன் பிறகு அந்தக் கேள்வியை அவர் கேட்கவில்லை. தப்பித்தேன் என்று நினைத்தேன்.

வேலைக்குப் பெயர் கொடுக்கக் காலைப் பெரட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் கூடிவிட்டார்கள்.

“தள்ளுவோமா டிரைவரே?” என்றார் ஒருவர்.

“தள்ளினா எண்ணெ சொரக்குமா? இது என்ன மாட்டு மடியா? எவனாச்சும் பங்களாவுக்கு ஓடுங்கய்யா!”

ஒரு இளவட்டம் ஓடினான். டைனமோவில் மிச்சம் இருந்தது. ஆனால் துரை எழுந்திருக்காமல் ஒரு சொட்டும் தர முடியாது என்று பங்களாச் சமையல்கார அப்பு சொல்லிவிட்டான். துரை விருந்து முடிந்து படுத்தவர். அவர் எழுந்து, முகம் கழுவி, தேத்தண்ணீர் குடித்த பிறகுதான் அரை கேன் டீசல் மலையிறங்கியது.

“தம்பி, இன்னும் எவ்வளவு நேரம்?” பின்னாலிருந்து அம்மா.

“இந்தா அக்கா, ஆச்சு.”

ஆறு முறை அப்படிச் சொன்னார். ஏழாவது முறை அம்மா கேட்கவில்லை.

டீசல் வந்ததும் மாமா பில்டர் மேலிருந்த திருகைத் தளர்த்தினார். நான் பம்பின் சிறு நெம்புகோலை அமுக்கினேன். முதலில் நுரை வந்தது, பிறகு தெளிந்த டீசல். திருகை இறுக்கிவிட்டு ஆறு இன்ஜெக்டர் குழாய்களையும் ஒவ்வொன்றாகத் தளர்த்திக் காற்றை விட்டார். பேட்டரி முனகி முனகி, நான்காவது முயற்சியில் என்ஜின் பிடித்தது. மாமாவின் கைக்கடிகாரப்படி நாங்கள் நின்றது எண்பது நிமிடம். காற்றெடுத்த வேலைக்கு மட்டும் பன்னிரண்டு. அந்தப் பக்கத்தை எழுதியவன்மேல் பாய்ந்தது அநியாயம்தான். மிச்சம் அறுபத்தெட்டு நிமிடம் யாருடைய வேலை என்பது எந்த என்ஜின் குறிப்பிலும் இருக்காது.

அம்மா ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பினாள். பிள்ளை திரும்பவில்லை. தங்கச்சி என்று சொன்னார்கள்.

மறுநாள் ஆபீசில் விசாரணை. அம்மா படுத்திருந்ததால் நான்தான் மாமாவுடன் போனேன். துரை நாற்காலியில் இருந்தார். கிளாக்கர் நின்றுகொண்டு கேள்வி கேட்டார்.

“டேங்க் ரொப்புனியா இல்லயான்னு தொரை கேக்குறாரு.”

“ரொப்பி—”

“யோசிச்சுச் சொல்லு டிரைவர். ரொப்பியிருந்தா எவனோ களவாண்டிருக்கணும். களவுன்னா பொலிசுக்கு எழுதணும். அன்னிக்குக் கொட்டகப் பக்கம் யாரு சுத்துனான்னு நானும் சொல்ல வேண்டி வரும்.”

இதைச் சொல்லும்போது அவர் மாமாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். மாமாவும் என்னைப் பார்த்தார்.

“ரொப்பலங்க. மறந்துட்டேன்.”

சாவியை மேசைமேல் வைக்கச் சொன்னார்கள். அடுத்த திங்களிலிருந்து மாமாவுக்கு மலையில் முள்ளுக் குத்தி மண் கிளறும் வேலை. சொந்தத் தம்பியின் மறதியால் பிள்ளை போயிற்று என்று அம்மா அவரோடு ஒரு மாதம் பேசவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. அந்தக் கிளாக்கர் மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றார். இந்த வயதிலும் எனக்கு அவர்மேல்தான் கோபம்.

ஆனால் அன்று ஆபீசிலிருந்து திரும்பும்போது என் கோபம் முழுக்க மாமாவின்மேல்தான் இருந்தது. நிரப்பியதை நிரப்பவில்லை என்கிறாரே, ஒரு கிளாக்கருக்கு இப்படி நடுங்குகிறாரே என்று கொதித்தேன். இந்தக் கோழையோடு நான் வருவதை யாரும் பார்த்துவிடக் கூடாதென்று வேகமாக முன்னால் நடந்தேன். இடையில் திரும்பிப் பார்த்து எண்ணினேன். பதினோரு காலடி இடைவெளி. மாமாவுக்கு நீண்ட கால்கள். நினைத்திருந்தால் ஒரு நிமிடத்தில் என்னைப் பிடித்திருப்பார். எங்கள் லயத்து வீடு வந்துசேரும் வரை அவர் அந்த இடைவெளியைக் குறைக்கவே இல்லை. வெட்கத்தால்தான் பின்தங்கி வருகிறார் என்று அன்று நான் நினைத்துக்கொண்டேன்.